செக்போஸ்ட்டில் நுரைக்கு அர்த்தம் சொன்ன கதை

ஆங்கிலத்தில் எனக்கு முதன்முதலில் முழுசாகத் தெரிந்த சொல் ஃப்ராத். ஆப்பிள், பேட், கேட் எல்லாம் அதற்கு முன்பே தெரியும்தான். ஆனால் ஒரு சொல்லின் அர்த்தம், அதே அர்த்தத்தில் வருகிற மற்ற சொற்கள், அதை வைத்து ஒரு வாக்கியம் என்று தலை முதல் கால் வரை தெரிந்து வைத்திருந்தது நுரை ஒன்றுக்குத்தான். இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை ஆங்கிலத்தில்தான் பிழைப்பு. எத்தனையோ சொற்கள் வந்து போகின்றன. எதுவும் அந்த ஒரு சொல் வாங்கித் தந்த பெயரை எனக்கு வாங்கித் தரவில்லை.

கேரளாவுக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பெருமாட்டிப் பக்கம் எங்கள் ஊர். தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல், வீட்டுக்கு வீடு மாடு. நான் அப்போது தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கரும்பலகையின் ஓரத்தில் தினமும் ஒரு சொல்லை எழுதிப்போடுவது அவர் வழக்கம். அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்ன மாத்திரத்தில், அது யாருக்கு ஒதுக்கிய சொல்லோ அந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். குட் மார்னிங் டீச்சரில் ஆரம்பித்து, அர்த்தம், மற்ற சொற்கள், வாக்கியம் என்று போய், தேங்க்யூ டீச்சரில் வந்துதான் மூச்சு விடலாம். நடுவில் தட்டினால் மறுபடி குட் மார்னிங். வாய்ப்பாடு மாதிரி அதற்கு ஒரு ராகமே வந்துவிட்டிருந்தது. நடுவிலிருந்து கேட்டால் எங்களில் ஒருத்தருக்கும் பதில் வராது.

ஓணப் பரீட்சை முடிந்து லீவு விடும்போது ஆளுக்கு ஒரு சொல் கொடுத்தார். திறந்ததும் அசெம்பிளியில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். என் பங்குக்கு வந்தது ஃப்ராத். பால் கறக்கும்போது மேலே நிற்கிறதே, அதுதான் என்று டீச்சர் சொன்னதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என் பக்கத்துப் பெண்ணுக்கு ரெயின்போ கிடைத்திருந்தது. ஆனால் டீச்சர் சொல்லச் சொல்ல நுரைக்கும் ஒரு மரியாதை கூடிக்கொண்டே போனது. ஃபோம் என்றும் சொல்லலாமாம். சோப்பை உடம்பில் தேய்த்தால் வருவது லாதர். துணி ஊறவைத்த வாளியில் நிற்பது சட்ஸ். கடலில் அலை உடைந்தால் வருவது ஸ்ப்யூம். எங்களில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை என்பதால் அதை மட்டும் நம்பிக்கையின் பேரில் மனப்பாடம் செய்தோம். உள்ளே சரக்கு இல்லாமல் பொங்கிக்கொண்டு நிற்கிற பேச்சுக்கும் ஃப்ராத் என்றே பெயர் என்று கடைசியாகச் சொன்னார். எனக்கு உடனே என் மாமன் ஞாபகம் வந்தது.

மாமன் அம்மாவின் தம்பி. அம்மா பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சிக்குப் போகிற வழியில். மாமனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. மோட்டார் ரிப்பேர், தேங்காய் விலை, மலையாளம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய மலையாளம் என்பது தமிழ் வாக்கியத்தின் கடைசியில் ஓர் ஆணு சேர்ப்பது. அதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் டீக்கடையில் யாரோடும் பேசிவிடுவார். எதிரில் இருப்பவர் தமிழிலேயே பதில் சொன்னாலும் விடமாட்டார்.

இனி மாட்டுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு வருடத்துக்குள் இரண்டு மாடு வந்து, இரண்டும் போய்விட்டிருந்தன. இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்தது அப்பா. முதல் மாடு, சந்தையில் கறந்த பாலை வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டது. இரண்டாவது பாலுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் கறக்க உட்கார்ந்தவரை உதைத்துவிட்டுத்தான் கொடுத்தது. கறப்பது அம்மா. உதை வாங்கியதும் அம்மா. இரண்டாவது மாட்டையும் விற்ற அன்று அம்மா சோறு போட்டுக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்தத் தடவ நானே போயிப் பாத்துப் பிடிச்சுட்டு வர்றேனுங்க."

மாட்டுச் சந்தைக்குப் பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, போனதில்லை, அவ்வளவுதான். அப்பா கோபக்காரர் இல்லை, ரோஷக்காரர். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்து, வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நிற்கும்போதே சொன்னார்.

"போயிட்டு வா. நீ பிடிக்கிற மாடு எப்பிடி இருக்குதுன்னு ஊரே பாக்கட்டும்."

மறுநாள் காலையில் ஊர்ப் பால் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சு பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே வரிசையில் நின்றவர்கள், பழைய பால் பாக்கியை வாங்கப் போன அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. எப்போது சந்தை, எப்போது சந்தை என்று விசாரித்தார்கள். அது சிரிப்பதைவிட மோசம். வருகிற மாட்டில் ஒரு சொட்டைச் சொல் விழுந்தாலும் அம்மா அதற்கப்புறம் ஒரு கோழிக்குஞ்சுகூடத் தன் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. பதினோரு வயதில் எனக்கே அது தெரிந்திருந்தது.

திருவோணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனோம். அம்மா, மாமன், நான். என்னை எதற்கு அழைத்துப் போனாள் என்று அப்போது யோசிக்கவில்லை. பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை யாரும் சட்டென்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்கள் என்பதற்காக இருக்கலாம். நான் வழியெல்லாம் ஃப்ராத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

சந்தையில் மாடு வாங்க வந்தவர்கள் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்ப்பார்கள், வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள், முதுகில் சுழி தேடுவார்கள். அம்மா எதையும் செய்யவில்லை. ஒரு புளியமரத்தடியில் என்னையும் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த மாடு வைக்கோலைச் சிந்தாமல் தின்கிறது, எந்த மாடு பக்கத்து மாட்டை முட்டுகிறது, எது ஆள் கிட்டே வந்தால் காதை மடக்குகிறது என்று பார்த்தாளாம். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டபோது சொன்னாள். வெயில் ஏறியது. மாமன் மூன்று டீ குடித்துவிட்டார். கடைசியில் அம்மா எழுந்து போய் ஒரு செவலைச் சினை மாட்டின் பக்கத்தில் நின்றாள். கழுத்தைத் தடவினாள். மடியில் கைவைத்தாள். மாடு திரும்பி அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் தீனியைப் பார்க்கப் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற தரகருக்கு வெற்றிலை குதப்பிய வாய் கொள்ளாத சிரிப்பு.

"ஏனுங்கம்மிணி, மாடு பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. நாளைக்கு ஊட்டுக்குள்ள வாரதுதானுங்களே" என்றாள் அம்மா.

விலை பேசுவதில்தான் சிக்கல். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலால் பேசுவார்கள். அம்மா தரகரின் கையைப் பிடிக்க முடியுமா? மாமன் வலது கையைத் துண்டுக்குள் விட்டார். இடது கையைப் பின்னால் நீட்டினார். அம்மா அதைத் தன் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டாள். துண்டுக்குள் ஒரு பேரம், முந்தானைக்குள் ஒரு பேரம். மாமனின் முகம் நடுவில் மாட்டிக்கொண்டு கோணியது. தரகர் விரலை மாற்றினால் அம்மா மாமனின் விரலை முறுக்குவாள். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மாமனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது.

குட்டி யானை என்று சொல்கிற சின்ன லாரி ஒன்றை மாமன் பேசி வைத்திருந்தார். மாட்டை ஏற்றிக்கொண்டு எல்லையைப் பார்த்துக் கிளம்பினோம். கேரளாவுக்குள் போகிற மாட்டையெல்லாம் செக்போஸ்ட்டில் நிறுத்தி, கால்நடை டாக்டர் பார்த்து விட்டால்தான் போக முடியும். முக்கியமாக அவர்கள் தேடுவது கோமாரி. குளம்பில் புண், வாயில் புண், வாயிலிருந்து ஒழுகுகிற நுரை. அந்த நோய் ஒரு மாட்டுக்கு வந்தால் ஊர் மாடெல்லாம் படுக்கும். சந்தேகம் வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மாட்டில் ஒரு குறையும் இல்லை என்பதும் தெரியும். ஆனால் ராத்திரியெல்லாம் சந்தைச் சேற்றில் படுத்துக் கிடந்த மாடு. தொடையெல்லாம் சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. அது அம்மாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வாய்க்கால் கரை வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"எதுக்குக்கா?" என்றார் மாமன்.

"டாக்டருகிட்டப் போறப்ப அழுக்கோடயா போவாங்க? நம்ம மாடுன்னு ஆகிப்போச்சு. நாலு பேரு பாக்கறப்ப மானமா இருக்கோணுமில்ல."

ஊரில் மாட்டை வைக்கோல் பிரியால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினால் போதும். அன்று அம்மாவுக்கு அது போதவில்லை. எதிரில் இருந்த பெட்டிக்கடையில் நீலநிறத் துணி சோப்பு ஒன்று வாங்கி வரச் சொன்னாள். மாட்டை இறக்கி, மாமன் கயிற்றைப் பிடிக்க, நான் குடத்தில் தண்ணீர் மொண்டு கொடுக்க, அம்மா கழுத்திலிருந்து வால் வரை கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டினாள். செவலை நிறம் தகதகவென்று வெளியே வந்தது. மாமன் மிச்சம் இருந்த பாதி சோப்பை வீணாக்க வேண்டாம் என்று வண்டியின் உள்தட்டில், தீனிக்குப் பக்கத்தில், பத்திரமாக வைத்தார். தன் கைலியைத் துவைக்க உதவும் என்று கணக்கு.

மாட்டை ஏற்றிக் கட்டிவிட்டு நாங்கள் வண்டியைச் சுற்றி வருவதற்குள் அது சோப்பை நக்கிப் பார்த்து, பிடித்துப்போய், வாயில் போட்டுக்கொண்டது. மாமன் பாய்ந்து தாடையைப் பிடித்தார். கையில் வந்தது நீலமாக ஒரு துணுக்குதான். மாடு மரியாதையாக மென்றுகொண்டிருந்தது. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மாகூடச் சிரித்தாள். பாவம், அந்த நாளில் அதுதான் அவள் கடைசியாகச் சிரித்தது என்று செக்போஸ்ட் வருகிறவரை நினைக்கவில்லை.

செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தியபோது மாட்டின் வாயிலிருந்து நுரை இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. பால் பொங்கின மாதிரி. மெல்ல மெல்ல அது கூடிக்கொண்டே போனது. காக்கிச் சட்டை போட்ட உதவியாளர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"டாக்டரே, வாய் முழுவன் பத."

நுரைக்கு மலையாளத்தில் பத என்று பெயர். எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் கல்யாணமாகி வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. மலையாளம் எல்லாம் புரியும், பேசத்தான் கூச்சம். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வண்டியில் ஏறி மாட்டின் முகத்துக்குப் பக்கத்தில் நின்று முந்தானையால் அதன் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

மாமன் இறங்கி முன்னால் போனார். இது தன்னுடைய நேரம் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"சாரே, இது நோயல்லாணு. சோப்பு தின்னு போயாணு."

உதவியாளர் அலுத்துக்கொண்டார். எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். ஒருத்தர் வாழைப்பழம் என்பாராம், ஒருத்தர் பச்சைப்புல் என்பாராம், சோப்பு மட்டும்தான் இதுவரை யாரும் சொல்லவில்லையாம். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். மாமன் இன்னும் நாலைந்து ஆணு போட்டுப் பார்த்தார். அவர் பேசப் பேச நாங்கள் திருட்டு மாட்டைக் கடத்திக்கொண்டு போகிறவர்கள் மாதிரி எனக்கே தோன்ற ஆரம்பித்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வண்டி திரும்பினால் பொள்ளாச்சி. மாடு இல்லாமல் ஊருக்குப் போனால் அப்பா, பக்கத்து வீடு, சொசைட்டி வரிசை. அம்மா மாட்டின் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் வெளியே வந்தார். இளவயதுப் பெண். தெற்கே எங்கோ சொந்த ஊராம். ஓணத்துக்கு வீட்டுக்குப் போக முடியாமல் இங்கே டியூட்டி. அதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. கையுறையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். மாட்டின் வாயைத் திறந்தார், நாக்கை இழுத்துப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். குனிந்து நாலு காலிலும் குளம்பின் நடுவே பார்த்தார். வெப்பமானி வைத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே உதவியாளரிடம் ஏதோ சொன்னார். அதில் ஒரே ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது.

ஃப்ராத்.

டீச்சர் வாயைத் தவிர வேறு வாயிலிருந்து அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை. கேட்டதும் என் உடம்பு தானாக நிமிர்ந்தது. கை தானாகக் கட்டிக்கொண்டது. நான் தைரியசாலி என்று ஊரில் பின்னால் சொன்னார்கள். அதில் தைரியம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான். சாலை ஓரத்தில், வண்டிகளின் ஹாரனுக்கு நடுவில், பட்டப்பகலில் என் குரல் ராகமாகக் கிளம்பியது.

"குட் மார்னிங் டீச்சர். மை வேர்ட் ஈஸ் ஃப்ராத். ஃப்ராத் மீன்ஸ் எ மாஸ் ஆஃப் ஸ்மால் பபிள்ஸ். சினானிம்ஸ் ஃபோம், லாதர், சட்ஸ், ஸ்ப்யூம். தி மில்க் ஹாஸ் ஃப்ராத் ஆன் இட். தேங்க்யூ டீச்சர்."

மாமன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் ஆணு போட முடியாத ஓர் இடம் அது. டாக்டர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்து என் உயரத்துக்குக் குனிந்தார்.

"அப்போ, இது ஏதா மோளே?"

அப்படியானால் இது எது என்று கேட்கிறார். இந்த மாதிரி ஒரு கேள்வியை எங்கள் டீச்சர் கேட்டதே இல்லை. ஒப்பித்தால் போதும், உட்கார்ந்துவிடலாம். நான் மாட்டைப் பார்த்தேன். அதன் வாயில் தொங்கிய நுரையில் வெயில் பட்டு நிறம் நிறமாகத் தெரிந்தது. ஓரத்தில் லேசாக நீலம். குளிக்கிற அறையில், துணி துவைக்கிற கல்லில், தினம் தினம் நான் பார்க்கிற நுரை. மனதுக்குள் வரிசையாக நின்ற நாலு சொல்லிலிருந்து முதன்முதலாக இரண்டை மட்டும் பிரித்து எடுத்தேன்.

"லாதர், டீச்சர். சட்ஸ், டீச்சர். சோப்பு."

டாக்டர் விட்டுச் சிரித்தார். விரலால் நுரையை வழித்து உதவியாளரின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். சுற்றி நின்ற டிரைவர்களும் சிரித்தார்கள். நிறையத் தண்ணீர் காட்டுங்கள், இன்றைக்குத் தீனியைக் குறைத்துப் போடுங்கள் என்று டாக்டர் மாமனிடம் சொல்லிச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஓடிப்போய் டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அன்று அந்தச் சாலையில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை.

கிளம்புவதற்கு முன் டாக்டர் மாமனிடம் ஏதோ கேட்டதையும், மாமன் அம்மாவைக் கைகாட்டியதையும், டாக்டர் அம்மாவின் தோளில் தட்டி ஒரு வார்த்தை சொன்னதையும் வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். வேறு யாரைப் பற்றிப் பேசப்போகிறார்கள்? வழியில் மாமன் ஏதோ சொல்ல ஆரம்பித்து, ஆவ் என்று கத்திவிட்டுப் பேசாமல் வந்தார். கொசு கடித்துவிட்டது என்றார்.

வீட்டு வாசலில் அப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், சொசைட்டியில் விசாரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மாடு இறங்கியது. குளித்து முடித்த அழகு அதன் உடம்பு முழுக்க இருந்தது. அப்பா சுற்றி வந்து பார்த்தார். ஒருத்தர் பல்லைப் பார்த்தார், ஒருத்தர் மடியைப் பார்த்தார், இன்னொருத்தர் சுழியைத் தேடினார். யாருக்கும் குறை சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அம்மா பேச வேண்டிய நேரம் அது. அவள் எத்தனை நாளாக அந்த நேரத்துக்காகக் காத்திருந்திருப்பாள்.

"மாடு கெடக்குதுங்க. இவ பண்ணுனதக் கேளுங்க" என்றாள்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. வண்டியைத் திருப்பப் போனார்களாம், மாமன் பேச்சு எடுபடவில்லையாம், எல்லாம் முடிந்தது என்று நிற்கும்போது இவள் முன்னால் வந்து டாக்டரோடு இங்கிலீஷில் பேசினாளாம். டாக்டரே அசந்துபோய், மிடுக்கி என்றாராம். கெட்டிக்காரப் பெண்ணை மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் மாட்டை விட்டார்களாம். மாமன் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அம்மாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அப்பாவின் முகத்தில் இருந்த விறைப்பு என் கண் முன்னாலேயே கரைந்தது.

"இங்கிலீஷ்லயா? என்ன கண்ணு பேசுன? எங்க, சொல்லு பாக்கலாம்."

நான் கையைக் கட்டிக்கொண்டு மறுபடி குட் மார்னிங் டீச்சரில் ஆரம்பித்தேன். அப்பாவுக்கு ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லை. ஆனால் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பதினோரு வயதுப் பெண்ணைத் தோளில் வைப்பதா என்று யாரோ கேட்டதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் டீக்கடையில் அவரே சொன்னார், சொசைட்டியில் அவரே சொன்னார். திருவோணத்துக்குள் அந்தக் கதையில் டாக்டர் கலெக்டராகிவிட்டார். மாடு நன்றாகக் கறந்தது, வருடத்துக்கு வருடம் கன்று போட்டது, யாரையும் உதைக்கவில்லை. நல்ல மாடு என்று யாராவது சொன்னால், எங்கள் பாப்பா இங்கிலீஷ் பேசிக் கொண்டுவந்த மாடு என்று அப்பா சொல்வார். சந்தைக்குப் போன பேச்சை எல்லோரும் மறந்தே போனார்கள்.

ஏழாவது முடிந்ததும் என்னைச் சித்தூரில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். அவ்வளவு தூரம் பெண் பிள்ளை தனியாக பஸ்ஸில் போவதா என்று எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வியை என் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அது அவருடைய யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்த அன்று மாமன் விருந்துக்கு வந்திருந்தார். இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டதும் அவருக்கு மனம் இளகிவிட்டது. நான் செக்போஸ்ட் கதையை எங்கள் அலுவலகத்தில் சொன்னதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த டாக்டரம்மா சொன்னது முழுசா உனக்குக் கேக்கலியா கண்ணு? ஃப்ராத் மாத்ரமே உள்ளூ, புண்ணொன்னுமில்லா, விட்டேக்கூ. இதான் சொன்னாங்க. நீ வாயத் தொறக்கறதுக்கு முந்தியே மாட்ட விட்டாச்சு."

நுரை மட்டும்தான், புண் ஒன்றும் இல்லை, விட்டுவிடு. மாமன் தன் ஆயுளில் பிழையில்லாமல் சொன்ன மலையாளம் அது ஒன்றுதான். அதோடு அவர் நிறுத்தவில்லை. இந்த மாட்டை யார் பார்த்து வாங்கியது என்று டாக்டர் கேட்டாராம். இத்தனை வண்டி வருகிறது, இப்படி ஒரு பசுவை இந்த வாரத்தில் பார்க்கவில்லை என்றாராம். அக்கா என்று இவர் கைகாட்ட, டாக்டர் அம்மாவின் தோளில் தட்டி, மிடுக்கி என்றாராம். வண்டியில் அதை என்னிடம் சொல்ல வந்தபோது அம்மா தொடையில் கிள்ளியதில் மூன்று நாள் கன்றிக் கிடந்ததாம்.

நான் சமையலறைக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்றேன். இவ்வளவு பெரிய மனுஷியை வீட்டில் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் என் பெருமையையே பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, உங்க மாமன் பேச்சு உனக்குத் தெரியாதா, போய் அவருக்கு இன்னொரு அப்பளம் போடு என்றாள்.

மாடு வந்த அன்று மாலை வாசலில் ஊரே கூடி நின்றபோது, அம்மாவின் கையில் சொல்வதற்கு இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று சந்தைக்குப் போய் ஜெயித்து வந்த பெண்ணின் கதை. அதை அவள் சொல்லியிருந்தால் அப்பா தலையைக் குனிந்திருப்பார். இன்னொன்று என்னுடையது. அவள் யாரையும் குனிய வைக்கவில்லை. அப்பாவை நிமிரவைத்து, அந்த நிமிர்ந்த தோளில் என்னை ஏற்றிவிட்டாள். இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. டாக்டர் மிடுக்கி என்று சொன்னதாக அவள் சொன்னபோது மட்டும், அது எனக்குக் கேட்கவில்லையே என்று ஒரு கணம் யோசித்தேன். அம்மா சொல்கிறாள், சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடியே, கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.